மூக்குப் பழி போக்கும் லென்ஸ்

ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு குவிமுனி என்ற சாமியாரின் மண்டபத்துக்கு ஓடியது. கழற்றிக் கொடுத்தனுப்ப முடிந்திருந்தால் கழற்றியே அனுப்பியிருக்கும். மூக்கின் மேல் அவ்வளவு பயம்.

செய்த பாவமெல்லாம் பழியாக மூக்கில்தான் போய்த் தேங்குகிறதாம். குவிமுனியின் கண்டுபிடிப்பு. சாட்சிக்குப் படம் இருக்கிறதே! சாதா லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு படம் எடுப்பார். பெரிய திரையில் மூக்கு பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். பிறகு பொன்னூல் சுற்றிய 'அருள் லென்ஸை' மாட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி கடைசிச் சுவர்வரை பின்னோக்கியே நடப்பார். இன்னொரு படம். மூக்கு அடங்கி, முகம் லட்சணமாக வந்திருக்கும். கூட்டம் தேம்பித் தேம்பி அழும். அழுத மூக்கைத் துடைக்க அருள் கைக்குட்டையும் அங்கேயே கிடைக்கும்.

போட்டோ ஸ்டுடியோ நடத்திவந்த அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, சொந்தத் தங்கை அங்கே போய்வரும்வரை. தங்கை டீச்சர். அவளுக்கு முதல் படம் மட்டும்தான் எடுத்தார்களாம். "உன்னுடையது கெட்டிப் பழி, பலமுறை வரவேண்டும்" என்று சொல்லிவிட்டார் குவிமுனி. அன்றிலிருந்து மூக்கை மூடிக்கொண்டே பாடம் நடத்தினாள். இப்போது வேலையையே விடப்போகிறேன் என்று அழுதாள்.

"நீ எப்படியும் ஆளுங்க முகம் எடுக்க ஒரு சின்ன டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கணும்னு இருக்கல்ல? அவர் விக்கிற அருள் லென்ஸையே வாங்கிடுக்கா. வீட்டுலயே என் பழியைப் போக்கிக்கலாம்."

"அடியே, கடையில விக்கிற அதே லென்ஸ்தான்டி அது. தள்ளி நின்னாலும் முகத்தைப் பெரிசா எடுக்கும். அவ்வளவுதான் அதோட அருள்."

"அப்போ என் மூக்கு?"

"அவன் கிட்ட வந்து எடுத்தான். முகத்துல மூக்குதானே முன்னால நிக்குது? அதான் வீங்கித் தெரியுது."

தங்கை நம்பவில்லை. முனிவர் சொன்னதை மறுக்க அக்காவுக்குத் தாடி இல்லையே!

மறுநாள் அக்கா பக்கத்துத் துணிக்கடைப் பொம்மைக்கு விக் மாட்டி, தங்கையின் உடுப்பைப் போட்டு, முகத்தில் துணி சுற்றி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். கூடவே தங்கையையும் இழுத்துக்கொண்டு. வரிசையில் ஒரு பெரியவர் பொம்மையிடம் தன் மருமகளைப் பற்றி வெகுநேரம் புலம்பினார். "எவ்வளவு பொறுமையா கேக்குது இந்தப் பொண்ணு!" என்று உருகினார்.

முறை வந்தது. குவிமுனி துணியை விலக்கி, மூக்கருகே ஒரு படம் எடுத்தார்.

"ஐயோ! வாய் ஓயாமல் புறம் பேசியிருக்கிறாள்!"

கூட்டம் 'ச்சு' கொட்டியது. முனிவர் சுவருக்கு நடந்தார். அடுத்த படம். மூக்கு ஒடுங்கிவிட்டது.

"இப்போது மனம் திருந்திவிட்டாள்!"

அக்கா பொம்மையின் தலையைத் திருகிக் கையில் எடுத்தாள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

"சாமி, இது யாரைப் பத்திப் புறம் பேசிச்சு?"

குவிமுனி அசரவில்லை. "பிளாஸ்டிக்குக்கும் ஆன்மா உண்டு!"

"உண்டு, உண்டு!" என்றது கூட்டம். சிலர் பொம்மைத் தலையைக் கும்பிடவும் ஆரம்பித்தார்கள்.

அக்கா தலையைப் பொம்மையின் மடியில் வைத்துவிட்டுத் தன் கேமராவை எடுத்துத் திரையோடு இணைத்தாள். சாதா லென்ஸ்தான், நூலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. தங்கையை உட்காரவைத்து, கடைசிச் சுவரோரம் போய் நின்று எடுத்தாள். படத்தில் ஆள் சின்னதாக இருந்தாள். முகத்தை மட்டும் பெரிதாக்கினாள். அருள் லென்ஸில் வருகிற அதே லட்சணம்!

அப்படியே திரும்பி, குவிமுனியின் தாடிக்குள் கேமராவை நுழைக்காத குறையாக நீட்டி இன்னொரு படம் எடுத்தாள். திரை முழுக்க மூக்கு. ஓரத்தில் கொஞ்சம் முனிவர்.

"இவ்ளோ பெரிய மூக்கா! சாமி, நீங்க என்ன பாவம் பண்ணீங்க?" யாரோ கேட்டுவிட்டார்கள்.

முதலில் சிரித்தது தங்கைதான். மூக்கை மூட மறந்து சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. குவிமுனி இரண்டு கையாலும் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்.

வரிசையில் புலம்பிய பெரியவர் ஓடிவந்து அக்காவின் காலில் விழப் பார்த்தார். "தாயே, நீங்கதான் உண்மையான சாமி!"

அக்கா சட்டென்று பின்வாங்கினாள்.

"எட்டி நில்லுங்க ஐயா! கிட்டப்போய் விழுந்தா யாரா இருந்தாலும் பெரிசாத்தான் தெரிவாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு, மூளையைத் திறந்து வச்சுப் பாருங்க!"