தேறியவர் வீட்டில் பெண் பார்த்த கதை

நம்மிடையே 'தேறியவர்' என்றொரு இனம் நடமாடுகிறது. இவரை நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார். ஒரு காலத்தில் நோயில் விழுந்து, நாக்கைக் கட்டி, வயிற்றைக் கட்டி, நடையாய் நடந்து, நன்றாகத் தேறி, அதன்பிறகு அடுத்தவர் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடாதவர் இவர். வலிக்காத முழங்காலைக்கூடச் சும்மா விடமாட்டார். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் போய்ப் பாருங்கள், கையை வீசிக்கொண்டு எதிரே வருவார். பார்த்ததும் ஓடிவிடுங்கள். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அதற்கும் ஒரு கஷாயம் சொல்வார்.

முகப்பேர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கும் திருமுருகன், இந்த இனத்தில் அசல் சரக்கு. அவருக்கு வந்தது முடக்குவாதம். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி பிசகி நம் மூட்டுகளைப் போட்டு மொத்துமே, அந்த வியாதி. சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையாமல், கட்டிலில் உட்கார்ந்து மனுஷன் அழுதிருக்கிறார். கேலி செய்ய வந்த இடத்திலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது: அவர் உண்மையாகவே பயந்துபோனார். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார், சிகரெட்டைத் தலைமுழுகினார், நேரத்துக்குத் தூங்கினார், நடந்தார், எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் ஒதுக்கினார். வீக்கம் வடிந்தது, விரல் வளைந்தது. நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா?

மாத்திரையைப் பற்றி அவர் வெளியே மூச்சு விடுவதில்லை. பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். பால் எதிரி, கோதுமை துரோகி, சர்க்கரை கொலைகாரன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்த்து "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார், லிஃப்டில் யாராவது தும்மினால் "நேத்து தயிர் சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பார், இழவு வீட்டில்கூடத் துக்கம் கேட்டுவிட்டு, போனவர் பிஸ்கட் அதிகம் சாப்பிடுவாரா என்று கேட்டவர். அப்புறம் யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

இப்படிப்பட்டவரின் மகள் பவ்யா, அம்பத்தூரில் தன்னோடு வேலை பார்க்கும் விஜய்யைக் காதலித்தாள். பையன் வீட்டார் முறைப்படி பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தால் பஜ்ஜி, சொஜ்ஜி, காபி. அதாவது எண்ணெய், சர்க்கரை, பால். தேறியவர் வீட்டில்!

மனைவி எழிலரசி பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். திருமுருகன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பஜ்ஜி உண்டு, ஆனால் முதலில் எல்லோருக்கும் ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் பவ்யா. "வர்றவங்க யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது. எனக்கு இந்த இடம் வேணும்ப்பா."

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

வந்தார்கள். விஜய்யின் அப்பா துலுக்கானம் டம்ளரை மோந்து பார்த்தார். "இன்னா சார் இது?"

"வெண்பூசணிச் சாறு."

"திஷ்டிக்கு ரோட்ல ஒடைப்பாங்களே, அதுவா?"

திருமுருகன் பல்லைக் கடித்துக்கொண்டார். அதன் மகிமையைச் சொல்லத் துடித்த நாக்கைச் சத்தியம் கட்டிப் போட்டிருந்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பையனின் அம்மா கெங்கம்மாள் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் டெய்லி இத்த தான் குடிக்கிறேண்ணே. எனுக்கு தைராய்டு கீது. உடம்பே உடம்ப அடிக்குதாம். மாத்திரையும் போட்டுகினு, தக்காளி, கத்திரிக்கா, மொளகா மூணையும் உட்டேன். இப்ப ஜம்முனு கீறேன்!"

திருமுருகனுக்கு உடம்பு புல்லரித்தது. சத்தியமாவது ஒன்றாவது! தன் இனம், தன் வீட்டு சோபாவில்! "பாலையும் விட்டுட்டீங்களா, தங்கச்சி?"

"பாலா? அத்த ஏன் உடணும்? நெய்யி ரெண்டு ஸ்பூன் உள்ள எறங்கலனா எனுக்குப் பொழுதே விடியாது."

"நெய்யா!"

"தக்காளி துன்றீங்களா நீங்க?"

"அதுல என்ன தப்பு?"

"தக்காளியா!"

ஒரே பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டே வடகலை நாமமா தென்கலை நாமமா என்று அடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் வீடியோ காட்டினார், அவள் பதிலுக்கு வேறொரு வீடியோ காட்டினாள். இரண்டு போனிலும் இரண்டு பேர் கத்தினார்கள். "தக்காளி ரசம் வெக்கிற ஊட்ல நான் சம்மந்தம் பண்ண மாட்டேன்!" என்று கெங்கம்மாள் எழுந்தாள். சமையலறை வாசலில் பவ்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் திருமுருகனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது, ஆனால் நெய் விஷயத்தில் எப்படி விட்டுக்கொடுப்பது?

துலுக்கானம் இதற்குள் ஒரு தட்டு பஜ்ஜியை முடித்திருந்தார். மருமகளாக வரவேண்டியவளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார்.

"சண்ட இருக்கட்டும். காலைல எழுந்தா என் வெரலு மடங்கவே மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லல."

இரண்டு போன்களும் சட்டென்று அணைந்தன.

"எத்தனை நாளா?" இரண்டு தேறியவர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். புத்தம் புது நோயாளி! அடுத்த கணம் ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். திருமுருகன் அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க. முதல்ல டாக்டரைப் பார்ப்போம். நான் கூட வர்றேன்" என்றார். கெங்கம்மாள் பஜ்ஜித் தட்டைப் பிடுங்கினாள். "நல்லா சொல்லுங்க சம்மந்தி! நான் சொன்னா எங்க கேக்குது இந்த மனுசன்?"

சம்மந்தி! எழிலரசி ஓடிப்போய்த் தாம்பாளத்தை எடுத்துவந்து தட்டை மாற்றிவிட்டாள்.

துலுக்கானத்தின் விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. "பார்த்தீங்களா, பாலை நிறுத்தினதும் எப்படி!" என்றார் திருமுருகன். "தக்காளிய நிறுத்துனதும்னு சொல்லுங்க" என்றாள் கெங்கம்மாள். கல்யாணம் ஜோராக நடந்தது. பால் இல்லாமல், தக்காளி இல்லாமல், கத்திரிக்காய் இல்லாமல், தானும் இல்லாமல் போய்விடுவோமோ என்ற முகத்தோடு துலுக்கானம் தினமும் ஏரிக்கரையில் இருவருக்கும் நடுவே நடக்கிறார்.

பாவம் அவர் என்கிறீர்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லையப்பா என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முனகினால், அவர் வாயை மூடும் முன் உங்கள் வாய் திறந்துகொள்கிறதே, அது ஏன்?