குளியலறையில் முளைத்த காடு

காளான் முளைத்தே விட்டது. ஆனால் அது முளைத்திருந்த இடம் குளியலறைக் கதவின் நிலைக்கால்.

லிஃப்ட் மெக்கானிக், வாயில் பிரஷ்ஷோடு முழங்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், மரம் உளுத்துப்போன இடத்தில், இளஞ்சிவப்பாக ஏழு சின்ன விசிறிகள். ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்று வெளியே எட்டிப் பார்ப்பதுபோல இருந்தன. அடிப்பக்கத்து மடிப்புகள் புத்தகத்தின் பக்கங்களைப்போல மெல்லியதாக, நெருக்கமாக இருந்தன.

"குளிச்சு முடிச்சு பத்து நிமிஷமாச்சு. தரையில என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி. பிரசவ வார்டில் நர்ஸ். காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசு."

"ஏன், அதுக்குக் காது கேக்குமா?" குனிந்து பார்த்தாள். "சொந்தப் பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்து நான் பார்த்ததில்ல. நாளைக்கு ஆளக் கூப்பிட்டு அந்த மரத்த மாத்துங்க."

மெக்கானிக் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

அவர் காட்டுக் காளான் கழகத்தில் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் மாட்டிக்கொண்டபோது, உள்ளே இருந்தவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர்தான் கழகத்தின் தலைவர். நாற்பது நிமிடம் கதவு இடுக்கு வழியாகக் காளான்களைப் பற்றியே பேசினார். நம் கண்ணில் படுவது வெறும் பழம்தான். உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நூல் நூலாகப் பரந்து கிடக்கிறது. யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்காகக் காத்திருந்து ஒரு நாள் தலையை நீட்டுகிறது. இருபது வருஷமாக இருட்டான, ஈரமான குழிகளுக்குள் இறங்கி வேலை செய்பவருக்கு, அப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்பது அதுவே முதல் தடவை. லிஃப்ட் சரியான பிறகும் கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கேட்டார்.

கழகத்தில் ஒன்பது பேர். புதிதாக வருபவர் ஒரு வருஷம் பார்வையாளர். அந்த வருஷத்துக்குள், ஊருக்கு வெளியே இருக்கும் காட்டில், கழகத்தின் பட்டியலில் இல்லாத ஒரு காளானைக் கண்டுபிடித்து எல்லோரையும் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். காட்டினால் உறுப்பினர், சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவார்கள். இல்லையென்றால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் முளைப்பது கணக்கில் வராது. "வீட்டுக்குள்ள இருந்தா அது பூஞ்சை, காட்டுல இருந்தாதான் காளான்," என்பார் தலைவர்.

மெக்கானிக் நாற்பது ஞாயிறு காட்டுக்குப் போனார். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு ஒற்றைச் செருப்பு, ஆறு கோணத்தில் படம் எடுத்த பிறகு ஆரஞ்சுத் தோல் என்று தெரிந்த ஒன்று. அவ்வளவுதான் கிடைத்தது. வருகிற திங்கட்கிழமையோடு வருஷம் முடிகிறது. இன்று புதன்.

பட்டியலைப் புரட்டினார். இந்த இளஞ்சிவப்பு விசிறி அதில் இல்லை.

அழகை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் படத்தைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். கதவு தெரியாமல் ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தார். அரை நிமிடத்தில் தலைவர் கேட்டார்: "எந்த மரம்?"

"தேக்கு," என்று தட்டினார். நிலைக்கால் தேக்குதான்.

"விழுந்த மரமா?"

"நிக்குது டாக்டர்."

"ஈரமான இடமா?"

"தினமும் மேலேருந்து தண்ணி விழும்."

டாக்டர் தட்டிக்கொண்டே இருப்பது திரையில் தெரிந்தது. பிறகு, "அருவியா?"

மெக்கானிக் 'இல்ல டாக்டர், ஷவர்' என்று தட்டினார். அழித்தார். பூதக்கண்ணாடி கண்ணுக்குள் ஊஞ்சல் ஆடியது. "சின்னதுதான்," என்று அனுப்பினார்.

குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. பேக்கரி நடத்துகிற செயலாளர் அக்கா, "எனக்குக் கை கால் ஓடல. ஞாயிறு காலைல எட்டு மணிக்கு எல்லாரும் வர்றோம். பன் நான் கொண்டு வர்றேன்," என்று எழுதினார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு ரம்பத்தோடு உட்கார்ந்தார். காளான் இருக்கும் துண்டை மட்டும் அறுத்து எடுப்பதுதான் திட்டம். ஆனால் ரம்பம் ஒரு தடவை போய் வந்ததும் விசிறிகள் ஏழும் கிடுகிடுவென்று ஆடின. பதறிப்போய், நிலைக்காலை முழுசாகப் பெயர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். அது பெயர்ந்தது. கூடவே ஒரு கூடை சுண்ணாம்பும் செங்கல்லும் வந்தன. கடைசியாகக் கதவு, கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் மேலேயே சாய்ந்தது.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள்.

"கதவு எங்க?"

"பின்பக்கம் சாய்ச்சு வச்சிருக்கேன்."

"குளியலறைக்குக் கதவு எங்கன்னு கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன்."

வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஒரு வாரம் தங்க வந்திருந்த அவளுடைய அண்ணன், உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று பாடிக்கொண்டே குளித்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அதிலும் முதல் இரண்டு வரிதான்.

வெள்ளிக்கிழமை விசிறிகளின் ஓரம் சுருண்டது. நிலைக்காலைச் சாய்த்து வைத்திருந்த கூடத்தின் காற்று அவற்றுக்கு ஒத்துவரவில்லை. மெக்கானிக் ஜன்னல்களைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் நனைத்து நிலைக்காலுக்குப் போர்த்தினார்.

"மாப்பிள்ள, நான் குளிச்சிட்டு நிக்கறேன். துவட்டிக்க ஒரு துண்டாவது தாங்க," என்று போர்வைக்குப் பின்னாலிருந்து மச்சான் கெஞ்சினார்.

"எல்லாம் ஈரமா இருக்கு மச்சான்."

"நானும்தான் ஈரமா இருக்கேன்."

நர்ஸ் வந்து நிலைக்காலின் அருகே உட்கார்ந்தாள். "அவங்ககிட்ட உண்மையச் சொன்னா என்ன ஆயிடும்?"

"கை குலுக்கி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே."

அவர் துண்டை விலக்கித் தண்ணீர் தெளித்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "லிஃப்ட் நின்னாதான் என்ன எல்லாருக்கும் ஞாபகம் வரும். அங்க மட்டும்தான், நான் உள்ள நுழைஞ்சதும் 'வாங்க வாங்க, இதப் பாருங்க'ன்னு கூப்பிடறாங்க."

அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் தன் துண்டும் இருந்தது, நனைந்தபடி.

சனிக்கிழமை ஆறடி நிலைக்காலோடு பஸ் ஏறினார். கண்டக்டர் அதன் மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை பார்த்தார்.

"இது எங்க சார் போகுது?"

"காட்டுக்கு."

"காட்டுலேருந்து மரத்த வெட்டிக் கொண்டாந்துதான் பார்த்திருக்கேன். திரும்பக் கொண்டு விடறது நீங்கதான் முதல் ஆள்."

காட்டு வாசலில் காவலாளிக்கென்று மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தார். அந்தக் காவலாளி எதையும் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "வழுக்கும், பார்த்துப் போங்க," என்றார்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சரிவில் குழி தோண்டி நிலைக்காலை நட்டார். சேறு பூசினார். கீல் இருந்த பக்கத்தைப் பின்னால் திருப்பினார். அருவிக்காக, தலைக்கு மேல் ஒரு கிளையின் இலைகளுக்குள் தண்ணீர் கேனைக் கட்டி, மெல்லிய குழாய் ஒன்றை இறக்கினார். எட்டி நின்று பார்த்தபோது மரமாகத் தெரியவில்லை. காட்டுக்குள் வீடு கட்ட வந்த யாரோ, ஒரே ஒரு காலை நட்டுவிட்டு மறந்து போன மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஏழு விசிறிகளும் காட்டின் பச்சை வெளிச்சத்தில் அப்படி ஒளிர்ந்தன. ஒரு நிமிடம், தானே அதை இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல அவருக்கு மூச்சு முட்டியது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். நர்ஸும் வந்தாள். "என் கதவுக்காலப் போய்ப் பார்த்துட்டு வரணும்ல," என்றாள் கணவரிடம் மட்டும்.

சரிவில் இறங்கியதும் மெக்கானிக் கையைக் காட்டினார். கழகத்தின் வழக்கப்படி ஐந்தடி தள்ளி எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கிட்டே போய் மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் நூல்கள் செத்துப் போகும். தொடுவதும் புரட்டுவதும் அறவே கூடாது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

அப்போதுதான் மெக்கானிக் பார்த்தார். ராத்திரி ஈரத்தில் மண் இளகி, நிலைக்கால் கால்வாசி வட்டம் திரும்பியிருந்தது. கீல், வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அது என்ன, பளபளன்னு?" என்று கேட்டார் கழகத்தில் இருந்த தையல்காரர்.

மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"இரும்பு," என்றார் தலைவர் அமைதியாக. "ஒரு காலத்துல இங்க வண்டிப் பாதை இருந்திருக்கணும். வண்டியோட இரும்பு மரத்துல பதிஞ்சு, அதைச் சுத்தி மரம் வளர்ந்திருக்கு. சகஜம்தான்."

"அந்த நீலக் கலர்?"

"அது ஒரு வகைப் பாசி," என்றார் பேக்கரி அக்கா சட்டென்று. "ரொம்ப அபூர்வம்."

"அந்தப் பாசிய நான்தான் போன வருஷம் ரெண்டு கோட்டு அடிச்சேன்," என்று நர்ஸ் கணவரின் காதில் சொன்னாள்.

தலைவர் அண்ணாந்து பார்த்தார். இலைகளுக்குள்ளிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

"தம்பி, அருவி..."

"வெயில் காலம் டாக்டர்."

"ஆமாமா. இந்த வெயிலுக்கு இதுவே அதிகம்."

அதற்கு மேல் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. இவ்வளவு படித்த மனிதர், இவ்வளவு நம்பிக்கை. பொய்யின் எடை ஆறடித் தேக்கைவிட அதிகமாக இருந்தது. "டாக்டர், நான் ஒண்ணு சொல்லியாகணும். இந்த மரம் வந்து..."

"வேண்டாம்," என்று தலைவர் அவசரமாகக் கையைப் பிடித்தார். "ஒண்ணும் சொல்லக் கூடாது. கண்டவர் பேசக் கூடாது, அது கழகத்து வழக்கம். இல்லையா?"

"ஆமா, ஆமா," என்றார்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேரும், ஒரே குரலில்.

பூதக்கண்ணாடி கழுத்தில் ஏறியது. விசிறிகள் பயந்துவிடாதபடி எல்லோரும் மெல்லக் கைதட்டினார்கள். பேக்கரி அக்கா பன்னை நீட்டினார். தையல்காரர் கட்டிக்கொண்டார். மெக்கானிக்கின் கண் நிறைந்தது. அது சந்தோஷமா குற்ற உணர்ச்சியா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வந்த கிண்டலை விழுங்கிவிட்டு, பன்னில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். இருவரும் கடைசியாகக் காட்டு வாசலுக்கு வந்தபோது மெக்கானிக் நின்றுவிட்டார்.

"நாளைக்கே டாக்டர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டு இதக் கழட்டிக் குடுத்துடறேன். ஒன்பது நல்ல மனுஷங்கள ஏமாத்திட்டு, இதை எப்படிக் கழுத்துல மாட்டிக்கறது?"

டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி நிமிர்ந்தார்.

"சார், அந்தக் கதவுக்கால இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க கழகத்துல மத்தவங்கல்லாம் அவங்கவங்க கட்டைய, காட்டி முடிச்ச அன்னிக்கே வந்து எடுத்துக்குவாங்க, உங்க தலைவர்தான் அவர் வச்ச கட்டில் கால மூணு வருஷமா இங்கயே போட்டு வச்சிருக்கார்."