நங்கூரம் தூக்கும் சத்தம்

நெடியாற்றின் தென்கரையில் செம்பரை என்றொரு நாடு. வடகரையில் நொச்சி. இரண்டு நாட்டாரும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே ஆற்று மீனைத் தின்றார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செம்பரைத் துறையில் பதினோரு தறிக்கப்பல்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். பக்கவாட்டில் இருந்த பெரிய சக்கரங்களை ஆற்றின் ஓட்டம் சுழற்ற, உள்ளே முந்நூறு தறிகள் ஓடும். விடிந்ததும் பாதி ஊர் பலகை வழியே கப்பலில் ஏறும்; பொழுது சாய்ந்ததும் இறங்கி வரும். நிலத்தில் கட்டிய ஆலை நின்ற இடத்திலேயே நிற்கும். இவை நங்கூரத்தில் நின்றன. ஆள்பவர்கள் இந்த வேறுபாட்டை ஒருநாளும் மறந்ததில்லை.

கப்பல்களின் முதலாளிகளை ஊரில் யாரும் பார்த்தது கிடையாது. அவர்கள் சார்பில் இளவழுதி என்பவர் பேசுவார். மெல்லிய குரல். யார் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுவார்.

செம்பரையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். அந்த முறை ஜெயித்தவள் மாதேவி. நான்காம் கப்பலில் பதினாறு வருடம் தறி ஓட்டியவள். பக்கத்துத் தறியில் இருந்த இசக்கிதான் வீடு வீடாகப் போய் அவளுக்காக ஓட்டுக் கேட்டாள். கேட்டது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான்: உச்சிப்பொழுதில் ஒரு மணி நேரம் தறி நிற்கும். வெயிலில் காய்ந்த மேல்தளப் பலகைக்குக் கீழே கண் சொருகியபடி நூல் முடிச்சுப் போட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பதவியேற்ற நான்காம் நாள் மாதேவி ஓய்வு ஆணையை எழுதச் சொன்னாள். எழுதி முடிப்பதற்குள் துறைப்பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

நிதானத்துறை அமைச்சர் குணசீலர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் ஐந்து தலைவர்களிடம் அமைச்சராக இருந்தவர்.

"இரண்டாம் கப்பலின் நங்கூரம் ஒரு முழம் உயர்த்தப்பட்டுள்ளது. துடைப்பதற்காகத்தான் உயர்த்தினார்கள் என்று நம்புவதே அரசின் நிலைப்பாடு. ஆனால் நம்பிக்கையோடு நிதானமும் வேண்டும்."

சற்று நேரத்தில் இளவழுதியும் வந்தார்.

"நாங்கள் யாரையும் மிரட்டவில்லை அம்மா. நொச்சியில் துறைவரியை எடுத்துவிட்டதாக முதலாளிகளுக்கு யாரோ எழுதிவிட்டார்கள். எழுதியது நானில்லை. நீங்கள் ஓய்வு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அதைப் பார்க்கக் கப்பல் இங்கே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை."

மாதேவி யோசித்தாள். முதலில் கப்பலை நிறுத்திவைப்போம், ஓய்வைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஓய்வு ஆணை ஓரமாகப் போனது. துறைவரி ரத்தானது.

அந்த வரியில்தான் ஆற்றின் கரைக்கு ஆண்டுதோறும் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையைக் காப்பது இனிமேல் மக்களின் ஊக்கத்தைப் பொறுத்தது என்று குணசீலர் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஐப்பசி மழைக்கு ஊக்கம் போதவில்லை. தறிக்காரர் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஒன்பது நாள் நின்றது.

அடுத்த ஆண்டு, நொச்சியில் பொழுது சாய்ந்தபிறகும் இரண்டு மணி நேரம் தறி ஓடுகிறதாம் என்றார் இளவழுதி. செம்பரையிலும் ஓடியது. அதற்கடுத்த ஆண்டு, நொச்சியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் கப்பலில் ஏறுவதில்லையாம் என்றார். அதிகாரிகளின் திடீர் வருகை தறிகளின் மன அமைதியைக் குலைப்பதாகக் குணசீலர் ஆணை எழுதினார். மாதேவி அதை இருமுறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் கப்பலின் சக்கரத்தை மூடியிருந்த இரும்புத் தட்டி சித்திரையில் கழன்று விழுந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை. பதினேழு நாள் கழித்து, உச்சி வெயிலில் கண் அசந்த ஒரு கணத்தில், இசக்கியின் வலது கை சக்கரத்துக்குள் போனது.

மாதேவி வைத்தியசாலைக்கு ஓடினாள். முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

"வாங்க," என்றாள் இசக்கி.

பதினாறு வருடம் 'ஏட்டி' என்று கூப்பிட்டவள். மாதேவிக்கு அந்த 'வாங்க'தான் தாங்க முடியாததாக இருந்தது.

"என்னை வையி இசக்கி. எதுவானாலும் சொல்லு."

"வைய என்ன இருக்கு. நீங்க கப்பலைக் காப்பாத்தினீங்க. கப்பலு அங்கனதான நிக்குது."

அன்று மாலையே மாதேவி யாரிடமும் சொல்லாமல் நொச்சித் தலைவருக்கு ஆள் அனுப்பினாள். ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. மறுநாள் காலை இருவரும் அங்கே சந்தித்தார்கள். நொச்சித் தலைவர் நன்மாறன் படகுக்காரக் குடும்பத்தில் வந்தவர். தூக்கம் கெட்ட கண்கள்.

"துறைவரியை நீங்க ஏன் எடுத்தீங்க?" என்று மாதேவி கேட்டாள்.

"நீங்க எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் எடுத்தேன்."

"நாங்க எடுத்ததே நீங்க எடுத்ததாச் சொன்னதுனாலதான்."

நன்மாறன் செம்பரைத் துறையைக் கைகாட்டிக் கேட்டார்.

"உங்க பக்கம் வர்ற ஆளு மெதுவாப் பேசுவாரா?"

"ஆமா. எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரு."

"எங்க பக்கம் வர்றவரு பேரு வேற. கும்பிடு அதேதான்." பிறகு சொன்னார்: "எங்க ஒம்பது கப்பலும் உங்க பதினொண்ணும் ஒரே முதலாளிங்களோடதுதான். அது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் பயந்துகிட்டு இருந்தேன்."

இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருந்தது. பௌர்ணமியன்று காலை இரண்டு நாடுகளிலும் ஒரே நேரத்தில் உச்சி ஓய்வு ஆணை வர வேண்டும். எந்தக் கரைக்குப் போனாலும் ஒரே சட்டம் என்றால் கப்பல் எங்கே போகும்? அதுவரை என்ன கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. கைகொடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். படகில் திரும்பும்போது மாதேவி பாட்டு முணுமுணுத்ததாகப் படகோட்டி பிறகு சொன்னான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மூன்று கப்பல்களில் சங்கிலி உரசியது. மூன்றாம் நாள் குணசீலர் வந்தார்.

"நொச்சி அரண்மனையில் நேற்று கப்பல்காரர்களுக்கு விருந்தாம். இரண்டு வகைப் பாயசம் பரிமாறப்பட்டதாகத் தகவல். ஒரு வகையென்றால் மரியாதை எனலாம். இரண்டு வகை என்பது உடன்பாடு."

நான்காம் நாள் இளவழுதி வந்தார். எதையும் கேட்கவில்லை. மோர் குடித்தார்.

"நொச்சித் தலைவர் விவரமான மனிதர். அவரோடு பேசியதில் முதலாளிகளுக்கு நிறைவு," என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் மாதேவி துறைக்குப் போனாள். கரை நெடுகக் கூட்டம். கப்பல் போகப்போகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள்.

"எங்களுக்கு ஓய்வு வேண்டாம்மா. கப்பல் இருந்தாப் போதும்," என்றாள் ஒருத்தி. அவளும் மாதேவிக்கு ஓட்டுப் போட்டவள்தான்.

மாதேவி மணல்திட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓர் ஆள் அனுப்பி நன்மாறனிடம் கேட்டிருக்கலாம். அரை மணி நேரப் பயணம். கேட்டால் சந்தேகப்பட்டதாக நினைப்பாரோ என்று தயங்கினாள். அவர் ஏற்கெனவே கப்பல்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் கேட்டு என்ன பயன் என்றும் நினைத்தாள். ஐந்தாம் நாள் காலை, பத்தாண்டுகளுக்குச் செம்பரையில் எந்த ஓய்வும் கோரப்படாது என்ற ஆணையில் கையெழுத்திட்டாள்.

அதே காலையில் நன்மாறன் பதினைந்து ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். செம்பரை அரண்மனையில் விருந்து நடந்ததாக அவரிடமும் சொல்லியிருந்தார்கள். இரண்டு அரண்மனைகளிலும் அந்த வாரம் விருந்தே நடக்கவில்லை.

அவர் பிறகு ஒரு கடிதம் எழுதினார். "நீங்கள் முந்திக்கொள்வீர்கள் என்று பயந்துவிட்டேன். மன்னியுங்கள்." மாதேவியால் பதில் எழுத முடியவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, ஓர் ஆடிக் காலையில், இருபது கப்பல்களும் நங்கூரம் தூக்கின. இந்த முறை ஒரு முழத்தோடு நிற்கவில்லை. இரண்டு கரையிலும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையாக ஆற்றோட்டத்தில் இறங்கிக் கடல் பக்கம் போய்விட்டன. முகத்துவாரத்தை ஒட்டி உப்பங்குடி என்றொரு சிறிய நாடு. அங்கே இன்னும் மலிவு. இளவழுதி விடைபெறும்போதும் கும்பிட்டார். செம்பரையின் ஒத்துழைப்பை முதலாளிகள் என்றும் மறக்கமாட்டார்கள் என்றார். துறை இப்போது தடையற்ற இயற்கைக் காட்சியாகத் திகழ்கிறது என்று குணசீலர் அறிவித்தார்.

அடுத்த தேர்தலில் மாதேவி தோற்றாள். கப்பல்களை நொச்சிக்காரர்கள்தான் சதி செய்து விரட்டினார்கள் என்று பேசியவர் ஜெயித்தார். நொச்சியில் அதே பேச்சைச் செம்பரைக்காரர்களைப் பற்றிப் பேசியவர் ஜெயித்தார். இருவருமே ஆற்றோரம் மதில் எழுப்பத் தொடங்கினார்கள். வேலை இல்லாத தறிக்காரர்கள் கல் சுமந்தார்கள். புதிய தலைவருக்கும் குணசீலரே அமைச்சர்.

உப்பங்குடிக்கு உப்பு வாங்கப் போன இசக்கியின் மருமகன் ஒரு செய்தியோடு வந்தான். அதைச் சொல்ல இசக்கி மாதேவியின் வீட்டுக்கு வந்தாள். வைத்தியசாலைக்குப் பிறகு அவள் வந்தது அதுவே முதல் தடவை.

"உப்பங்குடியில புதுசா ஒரு தலைவி வந்திருக்காளாம். உச்சியில ஓய்வு குடுக்கணும்னு சொன்னாளாம். அவகிட்டயும் ஒருத்தரு போயிருக்காரு. செம்பரையிலயும் நொச்சியிலயும் ஓய்வு கிடையாது, வரியும் கிடையாது, நாங்க அங்கேயே திரும்பிப் போயிடுவோம்னு சொன்னாராம்."

"இங்க கப்பலே இல்லையே."

"அது அவளுக்குத் தெரியணுமில்ல."

மாதேவி எழுந்து போய்த் தாளும் மையும் எடுத்து வந்தாள். ஜன்னல் காற்றில் தாள் படபடத்தது. இசக்கி தன் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பேரைப் பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டாலும் போடுவாங்க," என்றாள்.

"போடட்டும். இன்னொண்ணு எழுதுவேன்."

"அப்ப அந்த அஞ்சு நாளையும் எழுதுங்க. உங்களுக்குக் கேவலம்னு அதை விட்டுராதீங்க."

மாதேவி தலையசைத்தாள். தாளின் மேலே அந்தத் தலைவியின் பெயரை எழுதினாள். அதன் கீழே முதல் வரியாக, 'எதிர்க்கரைக்கு ஓர் ஆள் அனுப்பிக் கேட்க எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. நான் கேட்கவில்லை' என்று எழுதினாள்.