தெருவுக்குத் தெரியும் பெஞ்சு

காலையுணவு மூலை என்பது காலையுணவு சாப்பிடும் இடம் என்று பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது முற்றிலும் தவறு. சமையலறை ஜன்னலோரம் இரண்டு பெஞ்சுகளைச் சுவரோடு சேர்த்து அடித்து, நடுவில் ஒரு மேசையைச் செருகிவிட்டால் அது உண்ணுமிடம் ஆகிவிடும் என்று எண்ணுவோர், மினசோட்டா மாநிலத்துப் பெல்டன் கிரீக்கில் வீடு வைத்திருந்தவர்கள் அல்லர். அந்த ஊரில் அது தெருவின் ஒரு பகுதி. யாராவது அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால், அது தெரு காட்டும் பெருந்தன்மை.

இந்த உண்மை வெர்னா டோலெஃப்சனுக்கு ஓர் இடுப்பெலும்பின் வழியாகத் தெரியவந்தது. இடுப்பு அவளுடையதல்ல, கணவர் ஆரினுடையது. இலையுதிர் காலத்தில் அதை மாற்றி வைத்த மருத்துவர், இனி நேரான நாற்காலியில் நேராக உட்கார்ந்து நேராக எழ வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். காலையுணவு மூலையின் பெஞ்சிலோ நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துதான் நுழைய முடியும். ஆகவே ஆரின் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டே முட்டை தின்னத் தொடங்கினார்.

நிற்பதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் செய்தித்தாளில்தான். கல்யாணமான நாளிலிருந்து வெர்னா காபி குடிப்பாள், எதிரே உட்கார்ந்து ஆரின் உள்ளூர்த் தாளை உரக்கப் படிப்பார். முதலில் மரண அறிவிப்புகள், பிறகு போலீசுக்கு வந்த புகார்கள். யாரோ வீட்டு வாத்து யாரோ காரின் மேல் ஏறி நின்றது போன்ற புகார்கள். இருவரும் சிரிப்பார்கள். இப்போது அவர் தொட்டியருகே, அவள் ஜன்னலருகே, நடுவே ஒரு முழுச் சமையலறை.

"சாவுச் செய்தியக் கத்திப் படிச்சா செத்தவருக்கு மரியாதையா இல்ல, வெர்னா," என்றார் ஆரின். அதோடு அந்தப் பகுதியை விட்டுவிட்டு, புகார்களை மட்டும் அங்கிருந்தே உரக்கப் படித்தார்.

எப்படியும் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரிகளைக் கழற்றியாகிவிட்டது, தரையைப் பெயர்த்தாகிவிட்டது. அத்தோடு ஒரு பெஞ்சை எடுத்துவிட்டுக் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டுவிடலாம் என்று வெர்னா முடிவு செய்தாள். அவளுடைய விருப்பம் மொத்தமே இவ்வளவுதான்.

வீட்டு அலங்காரத்துக்கு வந்த பிரியெல் என்ற பெண், நாற்காலி புதிதாகத் தெரியக் கூடாது என்றாள். இப்போது எல்லா நல்ல வீடுகளிலும் புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, ஆணியால் கீறி, மேலே காபி ஊற்றித்தான் வைக்கிறார்களாம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இதைச் சும்மாவே செய்வார்களே என்று வெர்னா கேட்டாள். அதில் ஒரு ரசனை இருக்காது என்று பிரியெல் விளக்கினாள்.

தச்சர் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தெரு பாரம்பரியத் தெரு. நடைபாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற எதையும் பாரம்பரியக் குழுவின் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது. ஜன்னலுக்கு நேரே நின்று எட்டிப் பார்த்தால் பெஞ்சின் முதுகு தெரிந்தது.

இந்தச் சட்டத்தை வெர்னா நன்கு அறிவாள். முனையில் பெட்ரோல் பங்க் வரவிருந்தபோது அதைத் தடுப்பதற்காக ஊரே திரண்டு வாங்கிய சட்டம் அது. அந்தப் பிரசாரத்துக்கு எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் சுட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

குழு நூலகத்தின் அடித்தளத்தில் கூடியது. தலைவர் பிரென்டிஸ் ஹாடோ ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வெர்னாவின் வாயில் பாதிப் பற்களை அடைத்தவர் அவரே. தேவாலயத்தில் அவளை வெர்னா என்பார். கூட்டத்தில் திருமதி டோலெஃப்சன்.

"பெஞ்சு வீட்டுக்குள்ளதான இருக்கு, பிரென்டிஸ்?"

"இருக்கறது உள்ளதான், திருமதி டோலெஃப்சன். தெரியறது வெளியில."

"அப்ப ஜன்னலுக்கு ஒரு திரை போட்டுக்கறேன்."

"தாராளமா. ஆனா திரையும் வெளியில தெரியுமே. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

"ஆரின் நின்னுக்கிட்டுத் தின்னறதுகூடத்தான் தெரியுது."

தலைவர் இதைச் சிறிது நேரம் சீர்தூக்கிப் பார்த்தார். "ஆரின் அசையற பொருள். அது எங்க அதிகாரத்துக்குள்ள வராது."

"நாற்காலியும் அசையுமே?"

"நாற்காலி அசையும். பெஞ்சு இல்லாத வெறும் இடம் அசையாதே."

அந்த ஊரில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அது அநாகரிகம். மிகக் கடுமையாக மறுக்க வேண்டுமென்றால் தலையை லேசாகச் சாய்த்து, "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டின் வண்ணத்தையே மாற்றியவர்கள் உண்டு. தலைவர் தலையைச் சாய்த்தார். சொன்னார்.

வெர்னா அடுத்த கூட்டத்துக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும். ஒருவழியாகக் குழு நாற்காலியைப் பரிசீலிக்க இணங்கி இரண்டு நிபந்தனைகள் விதித்தது. நாற்காலி வீட்டின் தொன்மைக்கு ஊறு விளைவிக்காதபடி பழையதாகத் தோன்ற வேண்டும். அதே சமயம், வழிப்போக்கர்கள் அதை உண்மையிலேயே பழையது என்று நம்பி ஏமாறாதபடி புதியதாகவும் தோன்ற வேண்டும். பிரியெலுக்கு இதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. நாற்காலியின் முன்பாதியைச் சங்கிலியால் அடித்தாள், பின்பாதியை மெருகேற்றினாள். குழுவினர் ஆளுக்கொரு முறை சுற்றிவந்து பார்த்து, மிகவும் பொறுப்பான நாற்காலி என்று பாராட்டினார்கள்.

வாக்கெடுப்பு ஒன்றுதான் பாக்கி. அதற்குள் பனி விழுந்துவிட்டது. பனி விழுந்தால் வசதியுள்ள முதியோர் அரிசோனாவுக்குப் போய்விடுவார்கள். குழுவின் ஐந்து இடங்களில் ஒன்று ஏற்கெனவே காலி, இப்போது இன்னொருவர் அரிசோனாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். நால்வர் இல்லாமல் வாக்கெடுப்பு செல்லாது.

"அந்தக் காலி இடத்துக்கு யாரையாவது போடுங்களேன்," என்றாள் வெர்னா.

"யாரு வர்றாங்க? எல்லாருக்கும் வேலை இருக்கு. உங்க அளவுக்கு எல்லாக் கூட்டத்துக்கும் வர்ற ஆளே ஊர்ல இல்ல."

இதைச் சொன்னதும் தலைவருக்கே ஒரு யோசனை உதித்தது. அடுத்த கூட்டத்தில் வெர்னா டோலெஃப்சன் குழு உறுப்பினராகப் பதவியேற்றாள். நால்வர் ஆயிற்று. நாற்காலி விவகாரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. சொந்த வீட்டு விவகாரத்தில் உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது என்று தலைவர் மிகுந்த மரியாதையுடன் நினைவூட்டினார். வெர்னா வெளியே போய் நின்றாள். உள்ளே மூவர் இருந்தார்கள். விவகாரம் ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஆரின் சிரித்தார். "பரவால்ல. பனி உருகட்டும். இடுப்பு எங்கயும் போயிடாது."

பனி உருகுவதற்குள் வெர்னாவுக்குக் குழு பழகிவிட்டது. பெயர் பொறித்த பலகை ஒன்றை அவள் முன்னால் வைத்தார்கள். எந்த வீட்டின் கைப்பிடி எந்தக் காலத்தது என்று அவளுக்குத் தெரியத் தொடங்கியது. தேவாலயத்தில் காபி குடிக்கையில் மக்கள் அவளைப் பார்த்ததும் தங்கள் ஜன்னல்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். அதை அவள் கவனித்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. காபிக் குவளை வைக்கும் தட்டைக்கூடத் தெருவுக்குத் தெரிகிற பக்கம் பார்த்து வைக்கலானாள்.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு டுவைட் ஆஸ்ட்பி வந்தார். அவர் மனைவி மார்லிஸுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஆரின் மருத்துவமனையில் கிடந்தபோது வேகவைத்த இறைச்சியும் உருளைக்கிழங்குமாகச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவள் அந்த மார்லிஸ். வாசற்படியோரம் பிடித்து ஏற ஓர் இரும்புக் கம்பி போட வேண்டும் என்றார் டுவைட். ஆரினும் பேச்சுத் துணைக்காக அவரோடு வந்து கடைசி வரிசையில், நேரான நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"சும்மா ஒரு கம்பிதான்," என்றார் டுவைட். "வெர்னா, உனக்குத் தெரியாததா?"

அவர் தன்னைப் பெயர் சொல்லி அழைத்தது கூட்ட ஒழுங்குக்குப் பொருந்தவில்லை என்று வெர்னாவுக்குப் பட்டது. அவள் கம்பியின் படத்தைக் கையில் வாங்கினாள். கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். இது எந்தக் காலத்துப் பாணி என்று கேட்டாள். டுவைட்டுக்குத் தெரியவில்லை. கடையில் இதுதான் இருந்தது என்றார்.

விவகாரம் அவளுடைய சொந்த வீட்டினுடையதல்ல. நால்வரும் இருந்தார்கள். வாக்கெடுப்பு செல்லும்.

வெர்னா தலையை லேசாகச் சாய்த்தாள்.

"கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, திரு. ஆஸ்ட்பி," என்றாள்.

மறுநாள் காலை வெர்னா காபியோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆரின் தொட்டியருகே நின்று முட்டையைத் தின்றார், செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை மனதுக்குள் படித்தார்.