நாலு பேருக்கு மேல் ஆடக் கூடாது

“ஓர் அறையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது” என்று நோட்டீஸின் முதல் வரி சொன்னது. அய்யாதுரை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரையைப் பார்த்தார். லைசென்ஸ் பிரிவைப் பதினெட்டு வருஷமாகக் கட்டிக் காப்பவர் வெள்ளைத்துரை. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. நாளைக்கு எனக்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும்.

“சார், இது வெடிக் கம்பெனிக்கு உள்ள சட்டம்லா?”

“ஆமா.”

“நான் வைக்கப் போறது பில்லியர்ட்ஸ் ஹால் சார். மேசையில பந்த வச்சு, குச்சியால தட்டி, ஓட்டைக்குள்ள விடுத வெளையாட்டு.”

“தெரியுதுய்யா. அதுக்குன்னு தனி பாரம் இருக்கா? நீரு பஞ்சாயத்துல கேட்டீரு, ஸ்டேசன்ல கேட்டீரு. எல்லாரும் எங்கன அனுப்புனாக? இங்கன. எங்ககிட்ட இருக்கது ஒரே பாரம். தலைப்ப எதுக்குப் பாக்கீரு? உள்ள வெளையாட்டுன்னு எளுதிக்கிடுவோம்.”

அந்த விண்ணப்பப் பாரத்தில் இருக்கும் சட்டம் முழுக்க அய்யாதுரைக்கு மனப்பாடம். பத்தொன்பது வருஷம் பட்டாசு செய்யும் வெடிக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர் அவர். காலையில் ஒவ்வொரு அறைக்கும் நாலு பேரை எண்ணி உள்ளே அனுப்புவதுதான் அவருடைய முதல் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்படி எண்ணி அனுப்பிய நாலு பேர் வெளியே வரவில்லை. சட்டப்படி நாலு பேர்தான் இருந்தார்கள், அதனால் கம்பெனிமேல் தப்பில்லை என்று எழுதி முடித்தார்கள். அய்யாதுரையால் அதை அப்படி முடிக்க முடியவில்லை.

அன்றைய வெடிவிபத்தில் அவர் கையில் பட்ட தீக்காயத்துக்கு மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பில்லியர்ட்ஸ் ஹால். கட்டுப் போட்ட கையோடு ஒரு நாள் உள்ளே போய் நின்றார். ஒரு பையன் குனிந்து ஓங்கித் தட்டினான். பந்தும் பந்தும் மோதி ‘டக்’கென்று பெரிய சத்தம் கேட்டது. ஒருத்தர்கூட ஓடவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டும் ஓடாத மனிதர்களை அய்யாதுரை அன்றைக்குத்தான் பார்த்தார். தொழில் செய்தால் இதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

“இனிமே வெடிமருந்து வாடை நம்ம வீட்டுப் பக்கம் வராது” என்று மனைவி வள்ளித்தாய்க்குச் சத்தியமும் செய்து கொடுத்தார். கம்பெனியில் கணக்கு முடித்து வந்த பணத்தையெல்லாம் போட்டு, பழைய மேசை இரண்டை மதுரையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். லைசென்ஸ் வந்தால் பிழைத்தார். வராவிட்டால் மறுபடியும் மருந்துதான். நாற்பத்திரண்டு வயசில் வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

வெம்பக்கோட்டை சாலையில் அவருக்கு இடம் கொடுத்தவர் பாண்டிராஜ் முதலாளி. மூன்று ஏக்கர் பொட்டல், நடுவில் நீளமாக ஒரு கட்டடம். பெரிய வெடி முதலாளிதான், ஆனால் கொஞ்ச நாளாகக் கம்பெனிப் பக்கம் போவதில்லை. உடம்புக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

நோட்டீஸைப் பார்த்ததும் பாண்டிராஜ் சிரித்தார்.

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? ரெண்டு மேசைக்கும் நடுவுல ஒரு செவரு வச்சிருவோம். அறைக்கு நாலு பேராச்சு. செலவு என்னோடது.”

வாடகைக்கு விட்டவர்கள் வெள்ளையடித்துக் கொடுப்பதே அபூர்வமான காலம். அய்யாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவர் எழும்பியது. வெள்ளைத்துரை ஜீப்பில் வந்து இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“ரெண்டு அறைக்கும் ஒரே செவரா? ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிரும்லா?”

“எது சார் போகும்? பந்தா?”

“எடக்குப் பேசாதீரும். அறைக்கும் அறைக்கும் பதினெட்டு மீட்டர் இருக்கணும்.”

ஆக, சுவரை இடித்து, நீளக் கட்டடத்தில் பாதியையும் இடித்து, பதினெட்டு மீட்டர் தள்ளி இன்னோர் அறை கட்டினார்கள். மேசைக்குள்ளே இருப்பது கல்பலகை. எட்டு ஆள் தூக்கிப் போகும்போது ஒரு கால் ஒடிந்தது. செங்கல் அண்டக் கொடுத்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து எந்தப் பந்தை எந்தப் பக்கம் தட்டினாலும் அது தென்மேற்கு மூலைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த தடவை வந்தபோது வெள்ளைத்துரை மேலே பார்த்தார்.

“உள்ள பல்பு எரியுதே?”

“வெளிச்சம் வேணும்லா சார்?”

“வெளிச்சம் வேணும். பல்பு கூடாது. சன்னலுக்கு வெளிய மாட்டும். காத்தாடியையும் களட்டும். நாலு பக்கமும் கதவு வையும், எல்லாம் வெளிப்பக்கமாத் தெறக்கணும்.”

நாலு பக்கமும் கதவு வைத்தார்கள். அதன்பிறகு கரிசல் காட்டுப் புழுதி ஒரு வாசலில் நுழைந்து, பச்சைத் துணியில் சற்றுப் படுத்திருந்துவிட்டு, மிச்சம் இன்னொரு வாசலில் போயிற்று. ஆட்டக்காரர் குச்சியைப் பின்னால் இழுத்தால் அதில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“பந்து மோதுனா சத்தம் வருமா?” என்று வெள்ளைத்துரை கேட்டார்.

“வரும் சார்.”

“எம்புட்டு?”

வெள்ளைத்துரை ஜீப்பிலிருந்து சத்தம் அளக்கிற கருவியை எடுத்துவரச் சொல்லி, அளந்து நாலு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, காதைப் பொத்தினார்.

“ம், தட்டும்!”

தட்டினார். பந்து தென்மேற்கு மூலைக்குப் போனது. கருவியின் முள் அசைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. “சத்தம் அளவுக்கு உட்பட்டது” என்று வெள்ளைத்துரை எழுதினார். அந்தப் பாரத்தில் அய்யாதுரை தேறிய முதல் இனம் அதுதான்.

சந்தோஷத்தில் குச்சி நுனியில் சாக்கட்டியைத் தேய்த்தார். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

“அது என்னது, நீலமா?”

“சாக்கட்டி சார். குச்சி வளுக்காம இருக்கத் தடவுவாக.”

“பொடி உதுருதே!” வெள்ளைத்துரை இரண்டடி பின்னால் நகர்ந்தார். “கலர் மருந்த ஆள் இருக்க அறையில வச்சிருக்கீரா? பத்தொம்போது வருசம் போர்மேனா இருந்தவருக்கு நான் சொல்லணுமா? தனி மருந்து அறை கட்டும். கனத்த செவரு, நாப்பத்தஞ்சு மீட்டர் தள்ளி.”

“சார், ஒவ்வொரு தட்டுக்கும் இதத் தடவணும்.”

“நடந்து போயித் தடவிட்டு வரச் சொல்லும். வயசுப் பயலுகதான?” சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். “ஆமா, ஆட்டம் பாக்க வர்றவன், அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக் கெடக்கவன், இவுகள்லாம் எங்கன இருப்பாக?”

“சுத்தி நிப்பாக சார்.”

“அப்ப நாலு பேருக்கு மேல ஆயிரும்லா? காத்திருக்கதுக்கு ஆறு அறை போடும். நாலு நாலு பேரா.”

அன்று சாயங்காலம் அய்யாதுரை வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வள்ளித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“விட்டுத் தொலைங்களேன். ஒரு பலசரக்குக் கடை வைப்போம்.”

“விசாரிச்சிட்டேன். அதுக்கும் அதே பாரந்தானாம்.”

சொல்லிவிட்டு அழுதார். அவள் பார்க்கிறாளே என்று மறைக்கவும் இல்லை. சத்தத்துக்குப் பயப்படாமல் நிற்க ஓர் இடம் கேட்டதற்கு, ஓடித் தப்ப நாலு பக்கமும் வாசல் வைக்கச் சொல்கிறார்களே என்று அவருக்கு ஆறவில்லை. ஒவ்வொரு அறையாகக் கட்டிப் பார்க்கும்போது அந்தப் பழைய இடத்துக்கே திரும்ப நடப்பதுபோல் இருந்தது. கதவின் அகலம், சன்னலின் உயரம், வாசலில் தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி எல்லாமே அதேதான். ராத்திரி கண்ணை மூடினால் அவர் எண்ணி அனுப்பிய நாலு பேர் பில்லியர்ட்ஸ் குச்சியோடு வந்து நின்றார்கள்.

மறுநாள் சாவியைக் கொண்டுபோய்ப் பாண்டிராஜிடம் நீட்டினார்.

“மொதலாளி, என்னால முடியல. உங்க காசும் சேந்து கரியாகுது.”

பாண்டிராஜ் சாவியை வாங்கவில்லை.

“ஏ கிறுக்கா, ஆறு அறைதான? மருந்து அறைதான? நான் கட்டித் தாரேன். இடிதாங்கியும் வச்சிருவோம், நாளைக்கு அத ஒரு குத்தம்னு சொல்லுவான். நீ பாரத்துல கையெளுத்து மட்டும் போட்டுக்கிட்டே இரு. ஒன்னையப் போல சட்டம் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா?”

அண்ணன் தம்பிகூட இப்படித் தாங்க மாட்டான் என்று அய்யாதுரை நினைத்தார். வீட்டுக்கு வந்து வள்ளித்தாயிடமும் சொல்லி மாய்ந்துபோனார்.

ஆறு மாதத்தில் எல்லா அறைகளும் எழும்பிவிட்டன. கடைசித் தடவை வந்த வெள்ளைத்துரை ஒவ்வோர் இடமாக நாடாவைப் பிடித்து அளந்தார். ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அய்யாதுரை நின்று கட்டியதல்லவா? மருந்து அறையின் கனத்த கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே மரப்பலகையில் நாலு சாக்கட்டி இருந்தது.

“பதினெட்டு வருசத்துல இம்புட்டுச் சுத்தமா நான் ஒரு எடத்தப் பாத்ததே இல்லவே” என்று நெகிழ்ந்து கைகொடுத்தார்.

லைசென்ஸ் பத்தாம் நாள் தபாலில் வந்தது. முழுக்க இங்கிலீஷ். எட்டாம் வகுப்புப் படித்த அய்யாதுரைக்கு அதில் தன் பேரும் அப்பா பேரும் முத்திரையும் தெரிந்தன. அது போதும் என்று கண்ணாடி போட்டு மாட்டினார். வள்ளித்தாய் சந்தனம் குங்குமம் வைத்தாள். பாண்டிராஜ் நேரில் வந்து, கண்ணாடிக்குள் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, அய்யாதுரைக்கு மாலையே போட்டார்.

திறந்த அன்று கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள்.

“செருப்ப வெளிய விடுங்க தம்பி. செல்போனு, இரும்புப் பட்டை போட்ட பெல்ட்டு எல்லாம் இந்தப் பெட்டியில போட்டுருங்க. நாலு பேரு உள்ள போங்க. மீதி ரெண்டு பேரு அந்தா தெரியுதுல்லா, அந்த அறை.”

“அண்ணாச்சி, சாக்கட்டி?”

அய்யாதுரை தூரத்தில் இடிதாங்கிக்குக் கீழே தெரிந்த கட்டடத்தைக் காட்டினார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பிய புழுதி பச்சைத் துணியில் வந்து படிந்தது.

இரண்டு நாள் ஒரு ஈ, காக்கை வரவில்லை. அய்யாதுரை தனியாக ஆடினார். தென்மேற்கு மூலையிடம் தோற்றார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆணும் பெண்ணுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அய்யாதுரை எண்ணினார். முப்பத்திரண்டு பேர். கையெல்லாம் தூக்குவாளி. ஆட்டம் முடிய நேரமாகும் என்று சோறு கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டே எதிரே ஓடினார்.

“வாங்க வாங்க! ஒரு அறைக்கு நாலு நாலு பேராத்தான்…”

அவர் சொல்லி முடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு, நாலு நாலு பேராகப் பிரிந்து, எட்டு அறைக்கும் போனார்கள். யாரிடமும் செல்போன் இல்லை. ஒரு சத்தம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. இந்த ஊரிலும் ஒழுங்கு தெரிந்த வாடிக்கைக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று அய்யாதுரை பூரித்துப்போனார்.

மேசை போட்ட அறைக்குள் போன ஓர் அம்மாள் தலையை வெளியே நீட்டினாள். ராக்காயி என்று பேர் சொன்னாள்.

“அண்ணாச்சி, மேசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுல எதுக்கு ஆறு ஓட்டை? மருந்து கீள கொட்டிராதா?”

“என்ன மருந்தும்மா?”

“என்ன அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாதது கணக்காக் கேக்கீக? பாண்டிராஜ் மொதலாளியோட வெடி லைசென்ஸ ரத்து பண்ணிப் பத்து மாசமாச்சு, இனிமே உங்க லைசென்ஸுலதான் கம்பெனி ஓடுதுன்னு அவுகதான மருந்து லோடையும் எங்களையும் சேத்து அனுப்பி வச்சிருக்காக!”