சோளிங்கர் மலையில் சுளுக்கு

மே மாத வெயிலில் மலையேறச் சொல்கிறவர்களை உள்ளே தூக்கிப் போட ஒரு சட்டம் வர வேண்டும். முதல் கைதி என் மனைவி பானுப்பிரியாவாக இருக்க வேண்டும். சாவியை நானே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் எங்கள் பள்ளித் தோழர்கள் சந்திப்பு. எங்கள் செட்டில் அத்தனை பேருக்கும் வழுக்கை. நெற்றிக்கு மேலே முடி வைத்திருக்கும் ஒரே ஆண்மகன் இந்தப் பரந்தாமன்தான். அதற்காகவே தலைக்குச் சாயம் அடித்து, வாட்சப் குழுவில் படமும் போட்டிருந்தேன். கூடப் படித்த ஜோதிகா அதற்கு ஒரு இதயம் போட்டாள். சிவப்பு இதயம்.

பானு அதைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "நாளைக்கு சோளிங்கர் நரசிம்மர் மலைக்குப் போறோம். நடந்தே ஏறுறோம்" என்றாள்.

ஆவடியில் ரயிலேறி, அரக்கோணத்தில் பஸ் பிடித்து, அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். தலைக்கு மேலே ரோப் கார் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்குடி நடக்கணும்? மேல பொட்டி போவுதே, கண்ணு தெரியலியா?"

"நடந்து ஏறுனாத்தான் புண்ணியம்."

"புண்ணியம் வராது, கால்ல புண்ணுதான் வரும்!"

"வாய மூடிகினு ஏறுய்யா."

ஏறினேன். படியெல்லாம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. சாயம் வியர்வையோடு கரைந்து, காது வழியாக வெள்ளைச் சட்டைக்கு இறங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி மலையில், "ஐயோ, காலு!" என்று அலறி உட்கார்ந்துவிட்டேன். சுளுக்காவது கிளுக்காவது! கீழே இறங்கிப் பெட்டியில் ஏறிவிடலாம் என்று ஒரு திட்டம், அவ்வளவுதான்.

பானு சட்டென்று எனக்கு மேல் படியில் என் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நரசிம்மா! எம் புருசன் காலு சரியாச்சுன்னா இன்னிக்கே அவருக்கு மொட்ட போடறேன்!"

"அடிப்பாவி! வேண்டுதல் உன்னுது, மண்ட என்னுதா?"

"வலி உன்னுதுதானே?"

இருக்கட்டும். இந்தக் கால் இனி ஜென்மத்துக்கும் சரியாகாது. முடி இல்லாமல் நடந்து போவதைவிட, முடியோடு நொண்டிப் போவது மேல்.

"ரொம்ப வலிக்குது பானு. எலும்பே முறிஞ்சா மாரி கீது" என்றேன்.

"முறிஞ்சிடுச்சா? அப்ப இப்டியே புத்தூர் போயிடலாம். இங்கேர்ந்து கிட்டத்தான். கட்டு கட்டிகினு வந்துடலாம்."

புத்தூர் கட்டு! ஆள் பிடித்துக்கொள்ள, காலை இழுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்குவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் கட்டில்தான். பூந்தமல்லி எங்கே, நான் எங்கே?

"வாணாம்!"

"பயப்படாதய்யா. கீழ ஆட்டோ கீது. தூக்கினு போவ ரெண்டு ஆளக் கூப்டறேன்."

அவள் நிஜமாகவே கூப்பிட்டாள். வாட்டசாட்டமாக இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்ததும் எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்ன, இரண்டிரண்டு படியாக மேலே ஓடினேன்.

"நரசிம்மா, காப்பாத்திட்டே!" என்று பின்னால் பானு கத்தினாள். படியில் இருந்த சனமெல்லாம் கோவிந்தா போட்டது. அவ்வளவு சாட்சிகளுக்கு முன்னால் எப்படித் தப்பிப்பது? தரிசனம் முடித்து இறங்கியதும் அடிவாரத்தில் தலையைக் கொடுத்தேன். சாயம், கிருதா எல்லாம் போயிற்று. பானு கூடவே நின்று, "மீசையும் எடுத்துடுங்க" என்றாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் காற்று மண்டையில் சில்லென்று அடித்தது. பொறுக்க முடியவில்லை.

"நல்லா கேட்டுக்கடி! எனக்குச் சுளுக்கே இல்ல. பொய்யி! நீ வேண்டிக்கினதெல்லாம் தண்டம்!"

"தெரியும்" என்றாள் பானு, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே. "நான் எங்கய்யா வேண்டிக்கினேன்? கோயிலுக்கு முதுகக் காட்டிகினு, உன்னப் பாத்துதானே கும்பிட்டேன்?"