சவுக்கு மரத்தின் மேலிருந்து வரவேற்ற விவரம்

வில்லியனூர் அருகிலிருந்து,
புதன்கிழமை.

பாகூர் திரு. மரியசுந்தரம் அவர்களுக்கு சூசைநாதன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் இங்கு நானும் என் மனைவி வெரோனிகாவும் மகள் ஸ்டெல்லாவும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் மகன் பிரிட்டோ தம்பியும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். "அன்புள்ள சம்பந்தி" என்று தொடங்கத்தான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்துத் துணியவில்லை.

அன்று தாங்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தபோது, வாசலில் நின்று கைகூப்ப வேண்டிய நான் சவுக்கு மரத்தின் மேலிருந்து தங்களை வரவேற்றேன். அதற்குக் காரணம் உண்டு. பெண் சுற்றுச்சூழல் துறையில் இருக்கிறாள் என்று தங்களிடம் சொல்லியிருந்தோம். அது பொய்யல்ல. அத்துறையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டோம். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையிலிருந்து மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டு, வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற பட்ட மரங்களில் ஏறி மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குவதுதான் அவள் வேலை. முறையாகப் பயிற்சி எடுத்தவள். புயலுக்குப் பிறகு அவளுக்கு ஞாயிறு பூசைக்குக்கூட நேரமில்லை. "கல்யாணம் ஆவட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள் வெரோனிகா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இதற்கிடையில், எங்கள் வாசலில் பட்டுப்போன சவுக்கு ஒன்று நின்றது; அதன் காய்ந்த கிளை ஒன்று, தங்கள் வேன் வந்து நிற்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "காலையில ஏறுனா காபி போடறதுக்குள்ள எறக்கிடுவேன்பா" என்றாள் ஸ்டெல்லா. "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குப் பொண்ணு மரத்து மேல இருந்தா இன்னா நெனைப்பாங்க? நானே ஏறுறேன்" என்றேன். நான் ஓய்வு பெறும்வரை நாற்காலியில் இருந்தவன். ஏறிய உயரம் என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ள கெட்டியாத்தான் கீது" என்று சொல்லி, எனக்கு முள்ளைக் கட்டிவிட்டு, அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தாள். முழங்காலை மரத்தைவிட்டு விலக்கி வைக்க வேண்டும், முள்ளை அழுத்தி மிதிக்க வேண்டும், பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்கார வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் மரத்தைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டால் முள் பிடுங்கிக்கொள்ளும். வயிற்றுத் தோலோடு இறங்கி வர வேண்டும். அப்படித்தான் இறங்கினேன். "என் ஒசரத்துக்கு மேல நான் இல்லாம ஏறக் கூடாது" என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

ஞாயிறன்று அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஏறினேன். கிளை வரைக்கும் போய்விட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் கயிறு ஒரு முறிந்த கிளைக் கட்டையில் மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை. இடது கால் முள் பிடுங்கிக்கொண்டது. மரத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் தங்கள் வேன் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னதாக வந்தீர்கள், குறையாகச் சொல்லவில்லை. யாரும் அண்ணாந்து பார்க்காவிட்டால் மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். "பொண்ணோட அப்பா எங்க?" என்று தாங்கள் கேட்டீர்கள். "கோயில் சாமியாரப் பாக்கப் போயிருக்காரு, இதோ போன் போடறேன்" என்று, நான் சொல்லிவைத்திருந்ததை நம்பி, வெரோனிகா போட்டாள். என் போனில் கோயில் மணிச் சத்தம் வைத்திருக்கிறேன். மேலிருந்து மணி கேட்டதும் தங்கள் துணைவியார் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிரிட்டோ தம்பிதான் அண்ணாந்து பார்த்து, "அங்கிள், வணக்கம்" என்றார். "வாங்க தம்பி, உக்காருங்க, காபி சாப்புடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

காபித் தட்டோடு வந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தட்டைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, இன்னொரு ஜோடி முள்ளைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். கிளைக்கு மேலே எனக்கு வேறொரு கயிறு போட்டாள். "மரத்த வுடுப்பா" என்றாள். "வுட்டா வுழுந்துடுவேம்மா." "கயிறு புடிச்சிக்கும். கயித்த நம்பலன்னா என்னை நம்பு." முதுகில் கை வைத்திருந்தாள். விட்டேன். விழவில்லை. அந்தப் பிள்ளையின் வேலையை ஒளித்து வைக்கவா இவ்வளவு பாடுபட்டோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மாப்ளைய பாத்தியா?" என்று கேட்டேன். "இங்கேர்ந்து உச்சி மண்டதான் தெரியுது. கீழ போய் மூஞ்சியப் பாத்துட்டு சொல்றேன், நீ கால எட்த்து வை" என்றாள்.

தாங்கள் காபி குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினீர்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எந்தப் பதிலானாலும் ஏற்றுக்கொள்கிறோம். சம்மதம் என்றால் ஒன்றே ஒன்று: மரம் ஏறுவதை விடச் சொல்லி அவளைக் கேட்காதீர்கள். கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பயனில்லை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிரிட்டோ தம்பிக்கு ஆசி. மாதா தங்கள் குடும்பத்தை எந்நாளும் காப்பாளாக.

இப்படிக்கு,
சூசைநாதன்

பி.கு.: தங்கள் துணைவியார் இப்போதுதான் வெரோனிகாவிடம் போனில் பேசினார்கள். கல்யாணத்தை ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாமாம். பெண்ணின் வேலையைப் பற்றி வருத்தம் இல்லையாம்; தங்கள் வீட்டுக் கொல்லையில் சமையலறை மேல் சாய்ந்து நிற்கும் பட்ட தென்னையை, தாங்கள் புயல் அடித்ததிலிருந்து "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவருகிற அதை, சனிக்கிழமை வந்து இறக்க முடியுமா என்றுதான் கேட்டார்களாம். ஸ்டெல்லா ஒத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லாதீங்க, தானே ஏறுறேன்னு நிப்பாரு" என்று கண்டிப்பாகச் சொன்னார்களாம். ஆகவே மேற்கண்ட எதையும் நான் எழுதவில்லை, தாங்களும் படிக்கவில்லை. தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். சனிக்கிழமை எங்காவது வெளியே போய்வரவும். போக இடமில்லாவிட்டால், தயவுசெய்து ஏற மட்டும் வேண்டாம்.